கம்பி எத்தனை

"அக்கா, மேல வயரு!"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்பது மெக்கானிக் திருப்புளிக்கு உறைத்தது. வாசலில் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் நீண்டு, பிறகு அதுவும் வெட்கப்பட்டு நின்றது.

லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா பிரேக்கை மிதித்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு வயர், லாரிக் கூரைமேல் இருந்த இரும்பு மேடையின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளித் தொய்ந்து கிடந்தது.

"அப்படியே நில்லுங்க. இதோ, ஒரு நிமிஷம்."

திருப்புளி சுற்றுச்சுவர் ஓரமாகச் சாத்தியிருந்த நீளக் கழியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். நுனியில் கவை உள்ள மரக்கழி. வயரை அந்தக் கவையில் ஏந்தி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தான். அந்தக் கழியைச் செதுக்கியவன் அக்காவின் தம்பி. லாரி வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் யாராவது ஒருவர் இப்படிப் பிடித்தாக வேண்டும். "இந்த வருஷம் கம்பத்த உசத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன்" என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாங்க, வாங்க, வாங்க... போதும்."

லாரி தெருவுக்கு வந்தது. சவப்பெட்டியைக் கொண்டுவரும் வண்டி முற்றத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக அதை வெளியே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா நாலு வீடு தள்ளி மரத்தடியில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தபின்னும் இறங்கவில்லை.

அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. தம்பி அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அது பழகிவிட்டது. அவர்கள் தொழிலில் ஆட்கள் மூன்றே பேர். வயல்களுக்குமேல் ஹெலிகாப்டரில் தாழப் பறந்து மருந்து அடிப்பவன் தம்பி. கீழே லாரியில் மருந்து கலந்து, ஒவ்வொரு நடைக்கும் டேங்கை நிரப்பி அனுப்புகிறவள் அக்கா. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் திருப்புளி. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். இன்று இஸ்திரி போட்ட சட்டையிலும் இருந்தது.

லாரிக் கூரைமேல் இருந்த இரும்பு மேடைக்கு அவர்கள் வைத்த பெயர் மொட்டை மாடி. ஹெலிகாப்டர் அதில் வந்து உட்காரும். விசிறி நிற்காது. அக்கா ஏணியில் ஏறிக் குழாயை மாட்டுவாள். மூன்று நிமிடத்தில் டேங்க் நிரம்பும். தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கிளம்புவான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. சில நாள் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு கொட்டாவியும் விட்டுவிடுவான். தூங்குமூஞ்சி. சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவன். வேலைக்குப் போகிற வழியெல்லாம் இந்த லாரியில், இதோ இந்தப் பக்கத்து சீட்டில், ஜன்னலில் தலையணையை அண்டக்கொடுத்துத் தூங்கிக்கொண்டேதான் வருவான்.

தலையணை இப்போதும் அங்கேதான் இருந்தது. நடுவில் தலை அளவுக்கு ஒரு பள்ளம்.

டாஷ்போர்டில் ரேடியோ கொக்கியில் தொங்கியது. அதன் கீழே சிவப்புப் பென்சில். அக்கா இரண்டையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வயலில் வேலை தொடங்குமுன் அதைச் சுற்றிவந்து வரைபடம் போடுவது அவள் பொறுப்பு. மரங்களுக்குக் கறுப்பு, வீடுகளுக்கு நீலம், மின்கம்பிகளுக்குச் சிவப்பு. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கம்பி தெரியாது. ஒருமுறை கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோது தம்பி சொன்னான்: "கம்பம்தாங்க தெரியும். கம்பி தெரியாது. கம்பி தெரியுதுன்னா, அப்புறம் அதப் பத்திக் கவலப்பட ஒண்ணுமில்ல." கேட்டவர் சிரித்தார். அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்குள்ளும் இறங்குமுன் தம்பி ரேடியோவில் கேட்பான். "வானம் பேசுது. தரை இருக்கா, தூங்கிடுச்சா? கம்பி எத்தன?" அக்கா வரைபடத்தைப் பார்த்துச் சொல்வாள். "மூணு. ரெண்டு ரோட்டோரம். ஒண்ணு குறுக்க, மோட்டார் கொட்டகைக்கு." அவன் திருப்பிச் சொல்வான். பிறகுதான் இறங்குவான்.

கம்பியே இல்லாத நிலமும் உண்டு. முதல் வருடம் அதற்கும் அவள் "இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டவெளியில், ஒரு கம்பம்கூட இல்லாத சமவெளியில், நாள் முழுக்க இல்ல, இல்ல, இல்ல. "இல்லாததுக்கு எதுக்குக்கா வாயத் தொறக்கற?" என்றான் அவன். "இருந்தா சொல்லு. பேசலேன்னா இல்லேன்னு எடுத்துக்கறேன். பேட்டரியாவது மிஞ்சும்." அன்றிலிருந்து அப்படியே ஆயிற்று. அவன் கேட்பான். இரண்டு நொடி பொறுப்பான். அவள் பேசாவிட்டால் இறங்குவான்.

இதை அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. திருப்புளிக்குக்கூடத் தெரியாது, அவனிடம் ரேடியோ கிடையாது. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் பத்து வருடமாக இருந்த விதி அது. இப்போது அது அவளுக்கு மட்டும் தெரியும்.

முந்தாநாள் சாயங்காலம் பெரிய வயல் முடிந்துவிட்டது. வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முக்கோணமாக ஒரு மூலை பாக்கி. பண்ணைக்காரர் புதிதாக வாங்கிச் சேர்த்த துண்டு. காலையில் அக்கா அதையும் சுற்றிப் பார்த்திருந்தாள். ஒரு கம்பி. ஒரு கம்பம் மரத்துக்குள் மறைந்திருந்தது, இன்னொன்று கொட்டகைக்குப் பின்னால். அவள் சிவப்பில் கோடு போட்டாள். தம்பி அப்போது இந்த சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை. வரைபடத்தைப் பெரிய வயல் மேலே தெரியும்படி மடித்து, அவன் தொடையில் கட்டும் பலகையில் செருகிக் கொடுத்தாள். அந்த மூலை மடிப்பின் பின்பக்கம் போய்விட்டது. பறந்துகொண்டே அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்.

"வெளிச்சம் போகுதேம்மா" என்றார் பண்ணைக்காரர். "அந்த மூலைய விட்டுடுங்க. நான் ஆள வச்சு அடிச்சுக்கறேன்."

"டேங்க்ல மீதி மருந்து இருக்குங்க. ரெண்டே ஓட்டம். முடிச்சுட்டா நாளைக்கு வேற ஊருக்குப் போயிடலாம்" என்றாள் அக்கா. ரேடியோவை எடுத்தாள். "வாய்க்காலுக்கு அந்தாண்ட மூலை இருக்குல்ல, அதையும் முடிச்சுட்டு வந்துடு."

அப்போது மடியில் இருந்த ஃபோன் அடித்தது. தம்பி மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவள். தம்பி அவளை டீச்சர் என்று கூப்பிட்டான், அதனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் டீச்சர். "அண்ணி, தண்ணி மோட்டார் ஓட மாட்டேங்குது. சுவிட்ச் போட்டா உர்ருனு சத்தம் மட்டும் வருது. என்ன பண்றதுன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும், எனக்கே தெரியும்."

ரேடியோ கரகரத்தது. "வானம் கேக்குது. கம்பி எத்தன?"

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான். "சுவிட்சப் போட்டுட்டு, மோட்டார் பக்கவாட்டுல செருப்பால ஒரு தட்டு தட்டு. ஓடிரும்" என்று ஃபோனில் சொன்னாள். பிறகு ரேடியோவை வாயருகே கொண்டுவந்தாள். பொத்தானை அழுத்தினாள். வாயையும் திறந்திருந்தாள். அதற்குள் விசிறியின் சத்தம் மாறியது.

லாரிக் கதவை யாரோ தட்டினார்கள். திருப்புளி.

"அக்கா, வண்டி முக்குத் திரும்பிருச்சு. இறங்குங்க." அவள் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்கள் வீங்கியிருந்தன. "காலைல விசாரணை ஆபீசர் பேசினாரு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. மேப் கிடைச்சிருக்கு. மோதின கம்பி அதுல குறிச்சிருக்காம், சிவப்புல, தெளிவா. தரையில இருந்தவங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு எழுதிடுவேன்னாரு."

அக்கா லாரிக் கதவைச் சாத்தினாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா" என்றான் திருப்புளி. "உங்களப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்த பேசக்கூடாது பாருங்க."

வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது. பெட்டியை ஆறு பேர் இறக்கினார்கள். ஆறு பேர் தேவைப்படாத கனம் என்பது தூக்கிய கைகளில் தெரிந்தது. மூடியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் சோபாவை நகர்த்திய இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. அங்கே இரண்டு ஸ்டூல் போட்டு வைத்தார்கள்.

அம்மா பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழவில்லை. விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தடவை தட்டினாள், தூங்குகிற பையனின் அறைக் கதவைத் தட்டுவதுபோல. அதைப் பார்த்து முற்றத்தில் இருந்தவர்கள் அழுதார்கள்.

டீச்சர் பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். அல்லது தலைமாட்டில், எது எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தாள். நாற்காலி போதவில்லை என்றபோது மாடியில் இருக்கிறது என்றாள். நடுநடுவே அவள் கண்கள் அக்காவைத் தேடிவந்து நின்றன. ஏதோ கேட்க வருபவள்போல உதடு பிரியும். யாராவது குறுக்கே வந்து அவள் கையைப் பற்றுவார்கள். உதடு மூடிக்கொள்ளும்.

அக்கா ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் பார்த்தாள். சொல்ல வேண்டும் என்று முந்தாநாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் சொன்னால் தன் தலையோடு போகாது. ஃபோனின் மறுமுனையில் இருந்தது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். அவளுக்கும் பாதியைக் கொடுத்துவிட்டு நான் பாரம் குறைத்துக்கொள்வதா? இப்படிக் கேட்டுக்கொண்டபோது அது நியாயமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே நியாயமாக இருந்தது. அதனால் அவளுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

பதினொரு மணிவாக்கில் பண்ணைக்காரர் வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, கையில் வெள்ளைப் பூக்களோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவருகே நின்றார். யாரோ அம்மாவின் காதில் சொன்னார்கள். அம்மா நிமிர்ந்தாள்.

"நீங்கதானா அது?"

அவர் கைகுவித்தார்.

"அத்தன பெரிய வயலு அடிச்சுக் குடுத்தானே. அது போதலியா உங்களுக்கு? கையகலம் மூலை. அதையும் இவன்தான் அடிக்கணுமா? ஒரு ஆள விட்டு அடிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

பண்ணைக்காரரின் பார்வை அம்மாவிடமிருந்து நகர்ந்து, பெட்டியைத் தாண்டி, சுவரோரம் நின்ற அக்காவிடம் வந்தது. குற்றம் சாட்டும் பார்வை இல்லை. சந்தையில் வழி தெரியாமல் நிற்பவர், தெரிந்த முகம் ஒன்றைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் அனுப்பினேன். அவ்வளவுதான் வாக்கியம்.

அக்கா பேசவில்லை.

ஒரு நொடி. இரண்டு நொடி.

பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தாம்மா" என்றார். "மன்னிச்சுக்குங்க." பூக்களைப் பெட்டியின்மேல் வைக்கத் தயங்கி, பக்கத்து ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். பின்னாலேயே திருப்புளி போய், "வயசானவங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

அவளுடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அறிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தான்.

இடுகாட்டில் அதிக நேரம் ஆகவில்லை. ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. நாலு மணி வெயில். குழிக்கு அப்பால் ஒரு வயல், அதற்கும் அப்பால் வரிசையாகக் கம்பங்கள். அக்காவின் கண் தானாகவே எண்ணத் தொடங்கியது. கம்பத்தின் உச்சியில் பீங்கான் குமிழ்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, கம்பி எந்தத் திசையில் போகிறது, கிளைக் கம்பி எங்கே பிரிகிறது. நான்கு. ஒன்று குறுக்கே. பெட்டி இறங்கும்போது கயிறு ஒரு பக்கம் வழுக்கியது. "பாத்து, பாத்து, மெதுவா" என்றான் திருப்புளி, இயந்திரத்தை மேடையில் இறக்கும்போது சொல்லும் அதே குரலில். சொன்னவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எல்லாரும் திரும்பி நடந்தார்கள். பின்னால் வந்த இரண்டு உறவுக்காரர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள்.

"மேப்ல இருந்துச்சாமே?"

"இருந்திருக்கு. இவன்தான் மறந்துட்டிருக்கான்."

"எப்பவும் தூங்கிட்டே இருப்பான் பாவம். அசந்துட்டானோ என்னமோ."

அக்கா நடையை நிறுத்தினாள். அவர்கள் அவளைக் கவனித்துப் பேச்சை மாற்றினார்கள்.

வீடு திரும்பியபோது முற்றத்தில் பாதி நாற்காலிகள் காலி. திருப்புளி மிச்ச நாற்காலிகளை அடுக்கி, ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனான். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். சமையலறையில் டீ டம்ளர்கள் மலைபோல் குவிந்திருந்தன. டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலம்பிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு துணியை எடுத்துப் பக்கத்தில் நின்று துடைக்க ஆரம்பித்தாள்.

இருபது டம்ளர் ஆனது. முப்பது ஆனது.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு நான் ஃபோன் பண்ணினப்ப, பின்னாடி அவர் குரல் கேட்டுச்சு."

அக்காவின் கையில் இருந்த துணி டம்ளருக்குள்ளேயே நின்றது.

"ரேடியோல பேசினார் இல்ல? வானம் கேக்குதுன்னு. எனக்கு ஒடனே சிரிப்பு வந்துச்சு. வீட்லயும் அப்படித்தான் பேசுவார், சாப்பிடக் கூப்பிட்டா." டீச்சர் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "அப்புறம் கம்பி எத்தனன்னு கேட்டார். அதுதான் கடைசியா அவர் பேசினதா இருக்கும்னு நெனைக்கிறேன். நேரத்தப் பாத்தேன், ஃபோன்ல இருக்கு. அதுதான் கடைசி."

"ம்."

"நீங்க அதுக்கு என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கல. ரெண்டு நாளா அதையே நெனச்சுட்டிருக்கேன். அவருக்குக் கடைசியா என்ன பதில் கெடச்சுதுன்னு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒண்ணுன்னு சொன்னேன் என்று சொல்லிவிடலாம். வரைபடம் அதற்குச் சாட்சி சொல்லும். ஆபீசர் சொல்வார். திருப்புளி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அதன்பின் மிஞ்சுவது, கேட்டும் மறந்துபோன ஒருவன். எப்பவும் தூங்கிட்டே இருப்பான் பாவம்.

"சொல்லல" என்றாள் அக்கா.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு. ஒரு கம்பிதான் இருந்துச்சு. அவனுக்கு அது தெரியாது. காலைல நான் அந்த மூலையப் பாத்தப்ப அவன் தூங்கிட்டிருந்தான். எனக்குத்தான் தெரியும். அவன் கேட்டான். நான் சொல்லல."

"ஏன்?"

"உங்கிட்டப் பேசிட்டிருந்தேன். மோட்டாரத் தட்டச் சொல்லி."

டீச்சரின் ஈரக் கை டம்ளரோடு அப்படியே நின்றது. அவள் கணக்கு டீச்சர். ஒவ்வொரு வரியாகத்தான் போவாள். "நீங்க சொல்லலேன்னா அவர் திரும்பக் கேட்டிருப்பாரே. பதில் வராம எப்படிப் போனார்? அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு."

"நான் பேசலேன்னா கம்பி இல்லன்னு அர்த்தம். எங்களுக்குள்ள அப்படி. ரொம்ப வருஷமா அப்படித்தான். பதில் வரலேன்னு அவன் போகல. பதில் வந்துருச்சுன்னுதான் போனான்."

டீச்சர் மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

"அந்த மூலைய அடிக்கச் சொன்னதும் நான்தான். அந்த மனுஷன் வேண்டாம்னுதான் சொன்னாரு. காலைல அம்மா அவரைப் பேசினப்பகூட நான் வாயத் தொறக்கல. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகணும். அம்மாகிட்டயும் சொல்லணும். ஆபீசருக்கும் சொல்லிடுவேன். உங்கிட்டத்தான் மொதல்ல..."

டீச்சர் கையை நீட்டிக் குழாயை மூடினாள். வீட்டில் அதுவரை தண்ணீர்ச் சத்தம் ஒன்றுதான் இருந்திருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. அலம்பிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடியும் கவிழ்த்தாள்.

"நீங்க சொன்ன மாதிரிதான் தட்டினேன்" என்றாள். "ஒரே தட்டு. ஓடிருச்சு. அதச் சொல்லத்தான் திரும்ப ஃபோன் பண்ணினேன். நீங்க எடுக்கல."

வாசலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "அக்கா! தப்பா நெனைக்காதீங்க. லாரி ரோட்ட அடைச்சுட்டு நிக்குது. வண்டி எதுவும் திரும்ப முடியல. கொஞ்சம் உள்ள எடுத்துடறீங்களா?"

அக்கா துணியை மடித்து வைத்தாள். டீச்சரைப் பார்த்தாள். அவள் முதுகுதான் தெரிந்தது. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மரத்தடியில் லாரியின்மேல் பழுத்த இலைகள் விழுந்திருந்தன. ஏறி உட்கார்ந்தாள். தலையணை சரிந்து சீட்டில் கிடந்தது. அதை எடுத்துப் பழையபடி ஜன்னலில் அண்டக்கொடுத்தாள். எஞ்சின் போட்டாள். வழிகாட்டுகிறவர்போலப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். திருப்புளி இன்னும் திரும்பியிருக்கவில்லை.

வாசலுக்கு நேரே கொண்டுவந்து ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் முற்றம் தெரிந்தது, குறுக்கே கறுப்பாக அந்த வயர். நிறுத்தினாள். இறங்கித் தானே ஏதாவது செய்ய வேண்டும். கழியைப் பிடித்துக்கொண்டு ஓட்டவும் முடியாது.

கண்ணாடியில் கதவு திறந்தது. டீச்சர் வந்தாள். இடுப்பில் செருகிய தலைப்பு அப்படியே இருந்தது. சுவரோரம் போய்க் கழியை எடுத்தாள். அது அவளைவிட உயரம். கவையில் வயரைப் பிடிக்க இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தடவை பிடித்தது. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கழியைத் தலைக்குமேல் உயர்த்தினாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்கியது.

வயர் உயர்ந்தது. வழி இருந்தது. லாரி தாராளமாக உள்ளே வரலாம்.

அக்கா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றோ, போதும் என்றோ, நில்லுங்க என்றோ ஏதாவது ஒரு சொல். ஜன்னலை முழுக்க இறக்கினாள். காதைக் கொடுத்தாள்.

டீச்சரின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அவள் கழியை இறக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கால் பிரேக்கின்மேல் இருந்தது.